ரெண்டாம் முறுக்கு வரைக்கும்

பழைய ஜீப்பைத் தூக்கிக் கட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, உங்களில் ஒரு தங்கச்சியும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோஷம். என்னைப் பார்க்கிறபோதெல்லாம் நீங்கள் கேட்பது ஒரே கேள்விதான். “அண்ணே, உங்க காலத்துல எத்தனை இஞ்சு தூக்குவீங்க?” கையில் டேப் வேறு வைத்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்புதான் வரும். உங்களுக்கு இப்போது எல்லாம் பெட்டியில் வருகிறது. ஸ்பிரிங் பட்டை, ஷாக் அப்சார்பர், போல்ட், வாஷர் வரைக்கும் எண் போட்டு வருகிறது. எங்களுக்கு ராஜபாளையத்தில் வெல்டிங் குச்சியும் லாரிக்காரர்கள் கழித்துப் போட்ட இரும்பும்தான் கிடைத்தன. அதை வைத்தே அரையடி தூக்கியிருக்கிறோம். போதுமா? இஞ்சுக் கணக்கு அத்தோடு முடிந்தது. இனி நான் சொல்ல வந்ததைக் கேளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஜீப்பைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை அடுக்கை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிப்பது யூ போல்ட் என்று உங்களுக்குத் தெரியும். வண்டியைத் தூக்கிக் கட்டியதும் எவ்வளவு முறுக்கினாலும், முதல் லோடு ஏறி மேட்டிலும் பள்ளத்திலும் ஆடிய பிறகு பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரும். அப்போது நட்டு தளரும். அதனால் முதல் லோடோடு, முறுக்கியவனே ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி முறுக்கவேண்டும். அதற்குப் பெயர் ரெண்டாம் முறுக்கு. அது முடிகிறவரைக்கும், வண்டி நிற்கிறபோதெல்லாம் சாவி மெக்கானிக்கின் சட்டைப்பையில்தான் இருக்கும். ஓட்டுவது டிரைவராக இருந்தாலும், “எடு” என்று மெக்கானிக் சொன்னால்தான் எடுப்பார். எப்பேர்ப்பட்ட முதலாளியும் இதற்கு மறுப்புச் சொன்னதில்லை. நட்டு தளர்ந்த வண்டியில் மலையடிவாரத்துக்குப் போய் வர யாருக்குத்தான் ஆசை?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பழ வியாபாரம் செய்துவந்த பாய் ஒருவர் ஒரு நாள் தன் ஜீப்பைக் கொண்டுவந்தார். ஏலத்தில் எடுத்த பட்டாளத்து ஜீப். வத்திராயிருப்பைத் தாண்டி மலையடியில் இரண்டு மாந்தோப்புகளைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். தோப்புக்குப் போகிற பாதையைப் பாதை என்று சொல்வது பெரிய மனசு. நடுவில் ஓர் ஓடை குறுக்கிடும். ஓடை முழுக்க உருட்டுப் பாறை. போன வருஷம் பாறை தட்டி கியர்பாக்ஸின் அடிவயிறு கிழிந்து, எண்ணெய் எல்லாம் கொட்டி, பழத்தோடு வண்டி ஓடையிலேயே நின்றுவிட்டதாம்.

“இந்த வருசம் ஒரு கல்லும் தொடக்கூடாது. எம்புட்டு ஒசத்த முடியுமோ ஒசத்திரு” என்றார்.

“என்ன பாய் ஏத்துவீங்க?” என்று கேட்டேன். அது நான் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி.

“வேற என்ன, பழக்கூடைதான்” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. இறங்கும்போது பழக்கூடைதான். ஆனால் ஏறும்போது என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வியாபாரிக்கு ஜீப் என்றால் அது சந்தைக்கு இறங்குகிற ஜீப்தான். காலையில் அதே ஜீப்பில்தான் வேலையாட்கள் தோப்புக்கு ஏறுகிறார்கள் என்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. அதை யாராவது சொல்லிக் காட்டுவார்களா?

ஆக்சிலுக்கு அடியில் இருந்த பட்டை அடுக்கை ஆக்சிலுக்கு மேலே ஏற்றிக் கட்டினேன். பெரிய டயர் போட்டேன். வேலை சுத்தமாக வந்திருந்தது. பட்டறை வாசலில் நிறுத்தியபோது தென்காசி ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையில் தலை கால் புரியவில்லை.

முதல் லோடு அன்று விடிந்ததும் வத்திராயிருப்பு போய்ச் சேர்ந்தோம். டிரைவர் செல்வராஜ் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். அங்கே தூக்குவாளியோடு ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். காய் பறிப்பது ஆண்கள் வேலை, அவர்கள் முந்தின நாளே தோப்புக்கு நடந்து போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். பறித்த காயைத் தரம் பிரித்து வைக்கோல் வைத்துக் கூடை கட்டுவது இந்தப் பெண்கள்.

அவர்களுக்கு மூத்தவர் பாக்கியம் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். கை வேகம், வாய் அதைவிட வேகம். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“யாருய்யா இதத் தூக்குனது?”

“நான்தான்க்கா.”

“வண்டியத் தூக்குனவன் எங்களத் தூக்கி வைக்கவும் நாலு ஆளக் கூட்டியாந்திருக்கணும்லா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இளவட்டப் பெண்கள் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி தள்ளி, இழுத்து, எப்படியோ பின்பக்கமாக ஏறிவிட்டார்கள். பாக்கியம் அக்கா மட்டும் கீழேயே நின்றார். வலது முழங்கால் அவருக்கு மடங்காது. பழைய உயரத்தில் பின்பலகையைப் பிடித்து ஒரு எம்பு எம்பி உட்கார்ந்துவிடுவாராம். இப்போது அந்தப் பலகை அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

செல்வராஜ் டீக்கடையிலிருந்து ஒரு ஸ்டூலை வாங்கிவந்து போட்டார். சரளைக் கல்லில் ஸ்டூல் ஆடியது. அதன்மேல் ஏறவே அவருக்கு முடியவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் உதவி செய்கிறேன் என்று ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடிக்க வந்தார்கள்.

“ஏலே, கைய எடு! நான் என்ன தேங்கா மூட்டையா? இத்தன வருசமா தோப்புக்குப் போறேன், ஒருத்தன் கை என் மேல பட்டதில்ல” என்று ஒரு சத்தம் போட்டார். இருவரும் டீக்கே திரும்பிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து பாய் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மலையைப் பார்த்தார். உச்சியில் மேகம் கட்டிக் கறுத்துக்கொண்டு வந்தது. சாரல் இறங்கிவிட்டால் அன்றைக்குப் பறிப்பு அவ்வளவுதான். நனைந்த காயைக் கூடையில் அடைத்தால் மதுரையில் விற்று முடிவதற்குள் அழுகிவிடும். சாயங்காலம் லாரி காத்திருக்கும். அவர் அவசரம் நியாயமான அவசரம், அதையும் சொல்லவேண்டும்.

“ஏம்மா பாக்கியம், இன்னைக்கு ஒரு நா வீட்ல இரு. மழ வந்துரும் போல இருக்கு” என்றார்.

பக்கத்தில் மம்சாபுரத்திலிருந்து வேலை கேட்டு வந்த சரசு என்கிற பெண் தூக்குவாளியோடு நின்றிருந்தாள். பாய் அவளைப் பார்த்து, “நீ ஏறிக்கம்மா” என்று கையைக் காட்டினார். அவள் ஏறவில்லை. பாக்கியம் அக்கா முகத்தைப் பார்த்தாள்.

பாக்கியம் அக்கா சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். “இன்னைக்கு மட்டுமா பாய்? நாளைக்கு வண்டி தாந்துருமா?”

தோப்பு தினமும் நடந்து போய்வருகிற தூரத்தில் இல்லை, அதுவும் அந்தக் காலோடு. ஜீப்பில் இடம் போனால் வேலை போச்சு. அந்தப் பருவம் முழுக்கப் போச்சு. இன்னொருத்தி கை பழகிவிட்டால் அடுத்த பருவமும் போச்சு. அது அவருக்குத் தெரிந்தது, பாய்க்குத் தெரிந்தது, என் பெருமை அரையடி உயரத்தில் நின்றுகொண்டிருக்க எனக்கும் தெரிந்தது.

செல்வராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் “எடு” என்று சொல்லவேண்டும்.

“பாய், வண்டி இப்பப் போகாது” என்றேன்.

“ஏன், நட்டு எதுவும் லூசா இருக்கா?”

தம்பிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். “ஆமா பாய், லூசா இருக்கு” என்று சொல்லியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. அவர் நம்பியிருப்பார், எனக்கு நேரமும் கிடைத்திருக்கும். நாக்கு நுனிவரைக்கும் அந்தப் பொய் வந்துவிட்டது. ஆனால் நட்டைப் பற்றி மெக்கானிக் சொல்வதை ஊர் நம்புகிறது என்பதால்தான் சாவியை நம் கையில் கொடுக்கிறார்கள். அதில் ஒரு தடவை விளையாடினால் பிறகு நிஜமாகவே நட்டு தளர்ந்திருக்கும்போது யார் கேட்பார்கள்?

“நட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு பாய். ஏற வேண்டிய ஆளு ஏற முடியலன்னா வேல இன்னும் முடியலன்னு அர்த்தம். முடியாத வேலைய நான் எப்படி ஒப்படைக்க?”

“ரெண்டாம் முறுக்குங்கிறது நட்டுக்குத்தானேய்யா? ஆளுக்குமா?”

“நட்டுக்குத்தான் பாய். ஆனா சாவி என்கிட்டல்லா இருக்கு.”

ஜீப்புக்குள்ளிருந்து ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. என்னை முறைத்தார், மலையை முறைத்தார், கடைசியில் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். “ஒரு டீ குடிச்சு முடிக்கிற மட்டும் டயம் தாரேன். அதுக்குள்ள என்ன செய்வியோ செய்யி” என்றார்.

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்வது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. இறக்கிக் கட்ட ஒரு நாள் ஆகும். இரும்பில் படி ஒன்றைத் தொங்கவிட்டால் ஓடையில் முதல் பாறையிலேயே மாட்டும். ஒன்று படி பிய்ந்து போகும், இல்லையென்றால் வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும். எந்தப் பாறைக்குப் பயந்து தூக்கினோமோ அதே பாறைக்கு நாமே கொக்கி மாட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். ஏறும்போது இருக்கவேண்டும், பாறை வரும்போது இருக்கக்கூடாது. அப்படி ஒரு படிக்கு எங்கே போவது?

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நெல் அரைக்கிற மில் ஓடிக்கொண்டிருந்தது. பட பட என்று பெல்ட் அடிக்கிற சத்தம். அந்தச் சத்தம் அவ்வளவு நேரமாகக் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, அப்போதுதான் உறைத்தது. ஓடினேன். மில்காரர் மூலையில் சுருட்டிப் போட்டிருந்த அறுந்த பெல்ட்டைக் காட்டி, “எடுத்துட்டுப் போய்யா, அது எதுக்கு எனக்கு” என்றார். கையகலம், கனமான ரப்பர் கித்தான். நெல் அவிக்கிற உமி அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அங்கேயே ஓட்டை போட்டேன். ஒரே நாற்றம். கண்ணெல்லாம் எரிந்தது.

ஜீப்பின் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் பெல்ட்டை வளையமாகத் தொங்கவிட்டு போல்ட் போட்டேன். “யாராச்சும் ஏறிப் பாருங்க” என்றேன். சரசுதான் வந்தாள். காலை வளையத்தில் வைத்து எம்பினாள். ஊஞ்சல் மாதிரி பெல்ட் வண்டிக்கு அடியில் போய்விட்டது, காலும் கூடப் போய்விட்டது, அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றுமில்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அவளே முதலில் சிரித்தாள். எனக்குத்தான் காது மடல் வரைக்கும் சுட்டது.

பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை. “கால் வைக்க எடம் குடுத்தாப் போதுமாய்யா? கைய எங்கிட்டு வைக்க?” என்று கேட்டார்.

கேட்டதும்தான் புரிந்தது. மேலே பிடி இருந்தால் உடம்பு பின்னால் சாயாது, காலும் உள்ளே ஓடாது. கித்தான் கூரை போடுகிற வளைவுக் கம்பியில் இன்னொரு துண்டு பெல்ட்டைக் கைப்பிடியாக மாட்டினேன். கீழே இருந்ததை இரண்டு மடிப்பாக்கி, வளையத்தின் இரண்டு பக்கத்தையும் அகலமாகத் தள்ளிப் பிடித்து முறுக்கினேன். இப்போது பெல்ட் விறைப்பாக நின்றது. ஆனால் காலால் ஓங்கித் தட்டினால் மடங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தது.

நடுவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பாய் கையில் இருந்த டம்ளர் எப்போதோ காலி. இன்னொரு டீக்கு விரலைக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி குனிந்துகொண்டேன். அந்த மனுஷனை அந்த நிமிஷத்தில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

“அக்கா, வாங்க” என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றி உள்ளே எறிந்தார். கைப்பிடியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். மடங்குகிற காலைப் பெல்ட்டில் ஊன்றி, மடங்காத காலை நீட்டியபடி தொங்கவிட்டு, கையால் இழுத்து, ஒரு மூச்சில் எழும்பி, பின்பலகையில் திரும்பி உட்கார்ந்துவிட்டார். யாரும் தொடவில்லை. அத்தனை பேரும் வாயைத் திறந்தபடி நின்றோம்.

“போலாமா? ஏன் எல்லாரும் எழவு வீட்டுல நிக்க மாதிரி நிக்கிய?” என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஜீப் தூக்கியிருக்கிறேன். மம்சாபுரத்திலிருந்து வந்தார்கள், செண்பகத்தோப்புப் பக்கம் காடு ஒட்டிய தோட்டக்காரர்கள் வந்தார்கள். எல்லோரிடமும், “என்ன ஏத்துவீங்க” என்பதோடு, “யாரு ஏறுவாக, அவுகள ஒரு நாள் கூட்டிட்டு வாங்க” என்றும் சொல்ல ஆரம்பித்தேன். பட்டறைக்கு வாடிக்கைக்காரர் குடும்பத்தோடு வந்து வண்டிப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, பெண் பார்க்கிறார்களா ஜீப் பார்க்கிறார்களா என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். ராஜபாளையத்தில் ஒரு பெரிய வீட்டுக்காரர், “நானும் என் நாயும் மட்டுந்தான் ஏறுவோம்” என்றார். இரண்டு பேரையும் வரச் சொன்னேன். ஏற்கெனவே தூக்கி நிறுத்தியிருந்த வேறு வண்டியில் நாய் ஒரே தாவில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அவர் கீழே நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “கொஞ்சம் கொறைச்சே தூக்குங்க” என்றார். நீங்களும் டேப்பைத் தரையிலிருந்து வண்டிக்குப் பிடிப்பதற்கு முன்னால், ஏறுகிற ஆளின் முழங்காலுக்கு ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். பெட்டியில் வருகிற எந்தக் காகிதத்திலும் அந்த அளவு இருக்காது.

சரி, அன்றைக்கு மீதி நடந்ததைச் சொல்கிறேன். பாய் ஸ்கூட்டரை டீக்கடையிலேயே விட்டுவிட்டு முன்னால் என்னோடு நெருக்கி உட்கார்ந்தார். “எடு” என்றேன். செல்வராஜ் இஞ்சினைக் கிளப்பினார். சரசு ரோட்டிலேயே நின்றாள். பாக்கியம் அக்கா, “ஏட்டி, நீ மட்டும் என்ன, வா, எடம் கெடக்கு” என்று கூப்பிட, அவளும் ஓடிவந்து பெல்ட்டில் கால் வைத்து ஏறிக்கொண்டாள். முன்னால் என் பக்கத்தில் இருந்த பாய் திரும்பிப் பார்த்தார். ஆள் கூடிவிட்டதே என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். மறுபடி முன்னால் திரும்பி மலையைப் பார்த்தார்.

ஓடையில் இறங்கினோம். நான் தலையை வெளியே நீட்டி வண்டியின் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன். கியர்பாக்ஸுக்கும் பாறைக்கும் நடுவில் நல்ல இடம் இருந்தது. கரையேறும்போது ஒரு பாறை பின்பக்கம் பெல்ட்டில் இடித்தது. பெல்ட் மடங்கியது, பாறையைத் தடவிக்கொண்டு வந்தது, பிறகு தன் இடத்துக்கே திரும்பித் தொங்கியது. செல்வராஜ் ஹாரன் அடித்தார். எனக்குக் கத்தவேண்டும் போல் இருந்தது, பாய் பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

தோப்பில் எல்லோரும் இறங்கினார்கள். பாக்கியம் அக்கா ஏறிய மாதிரியே தானாக இறங்கி, நேராகக் காய்க் குவியலுக்குப் போய்விட்டார். நான் வண்டிக்கடியில் படுத்தேன். ஒரு நட்டு முக்கால் சுற்று வாங்கியது. மற்றவை கொஞ்சம் கொஞ்சம். வெளியே வந்து கையைத் துடைத்துச் சாவியைப் பாயிடம் கொடுத்தேன்.

“இனிமே வண்டி என்னுதுதானே?” என்றார்.

“உங்களுதுதான் பாய்.”

“இனி நான் சொல்றதுதானே?”

“ஆமா பாய்” என்றேன். சாவி என் கையில் இருந்தவரைக்கும் சரி. நாளைக் காலையில் நான் இருக்கமாட்டேன். இவ்வளவு பேர் முன்னால் அவரைக் காத்திருக்க வைத்துவிட்டோம். பெல்ட்டைக் கழற்றி எறியவோ, பாக்கியம் அக்காவை வரவேண்டாம் என்று சொல்லவோ அவருக்கு ஒரு வார்த்தை போதும்.

அவர் காய்க் குவியலைப் பார்த்து நடந்தார். நானும் கூடவே போனேன். பாக்கியம் அக்கா நிமிராமல் காயைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பாய் அவர் எதிரில் போய் நின்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“ஏம்மா பாக்கியம், நாளையிலருந்து மொத ஆளா நீ ஏறு. நீ ஏறுன பொறவு மத்தவுக ஏறட்டும்.”

பாக்கியம் அக்கா ஒரு காயை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து, பழுக்க ஆரம்பித்த காய்களின் கூடையில் போட்டார். அப்புறம்தான் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“மொத ஆளா ஏறுனா உள்ள மூலையில போயி அடைஞ்சு கெடக்கணும் பாய். நான் எப்பவும்போல கடைசியாத்தான் ஏறுவேன். பின்னால கால நீட்டி உக்காந்தாத்தான் எனக்குச் சௌரியம்.”

“சரி, கடைசியாவே ஏறு” என்றார் பாய்.